பெல் அடிச்சிட்டா யாரும் எறங்கக்கூடாது

நக்கல் படம் என்றால் எனக்கு உயிர். அரசியல்வாதியையோ அதிகாரியையோ சாமியாரையோ யார் கிண்டல் செய்து எடுத்தாலும் முதல் வாரமே பார்த்துவிடுவேன். பார்த்துவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டேன். ஊரிகம் ஸ்டேஷனில் காலை வண்டி ஏறி பெங்களூரு போய்ச் சேருவதற்குள் லேடீஸ் பெட்டியில் அந்தப் படத்தைப் பிரித்து மேய்ந்துவிடுவேன். "இன்னிக்கி இன்னா படம் ஓட்டப்போறே?" என்று கேட்டுக்கொண்டுதான் எதிர் சீட்டில் வந்து உட்காருவார்கள். ஆபீஸிலும் எனக்கு அதே பேர்தான். நான் வாயைத் திறந்தால் ஏதோ நக்கல் வரப்போகிறது என்று அங்கே எல்லாரும் முன்கூட்டியே சிரிப்பதற்குத் தயாராக இருப்பார்கள்.

இத்தனை படம் பார்த்தும் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. இந்தப் படங்கள் உண்மையில் யாரைக் குத்துகின்றன? கல்யாணத்துக்கு முன்னால், பேட்டை தியேட்டரில் ஒரு படம் பார்த்தேன். ரேஷன் கடைக்காரன் எடையில் ஏமாற்றுவதைக் காய்ச்சி எடுத்திருந்தார்கள். சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற எங்கள் லைனுக்கு ரேஷன் போடுகிறவர் எங்களுக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் தராசின் யோக்கியதை லைன் முழுக்கத் தெரியும். நான் திரையை விட்டுவிட்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வெளியே வரும்போது என் அப்பாவிடம், "கரெக்டா காட்டிட்டான்ணா, இந்த மாதிரி ஆளுங்கள வுடவே கூடாது" என்றார். அடுத்த வாரமும் சர்க்கரை குறைவாகத்தான் வந்தது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. படத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் எல்லாப் படத்துக்கும் இதே கதிதான். வரதட்சணை வாங்கிய மாமியார் வரதட்சணைப் படம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். கமிஷன் அடிக்கிற கவுன்சிலர் விசில் அடிக்கிறார். நக்கல் படம் எப்போதும் பக்கத்து வீட்டைத்தான் காட்டும் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். ரயிலில் இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. என் வீடே அந்தப் பக்கத்து வீடாகிற நாள் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரருக்குப் படம் என்றாலே தூக்கம் வந்துவிடும். இன்டர்வெல்லில் எழுப்பினால், "முடிஞ்சிச்சா?" என்பார். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் ஷாஃப்ட் வாயில் பெல் அடிக்கிற வேலை அவருக்கு. ஆட்களைக் குழிக்குள் இறக்குகிற கேஜ் என்கிற இரும்புக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, எல்லாரும் ஏறினார்களா என்று பார்த்து, கம்பியைப் போட்டு, பெல் அடிப்பார். தூரத்தில், கேஜை ஏற்றி இறக்குகிற வைண்டர் மெஷினை ஓட்டுகிறவருக்குக் கேஜ் தெரியாது. அவருக்கு பெல்தான் கண். மூன்று பெல் அடித்தால் உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம், மெதுவாக விட வேண்டும். சுரங்கத்தை மூடியபோது இவருக்கு இருபத்தெட்டு வயது. இப்போது பெங்களூரில் ஓர் அபார்ட்மென்டில் செக்யூரிட்டி. பேஸ்மென்டுக்கு இறங்குகிற வழியில் நின்றுகொண்டு கேட்டைத் திறந்து மூடுகிறார். "அதே வேலதான, ஆளுக்குப் பதிலா காரு எறங்குது" என்று நான் கிண்டல் செய்வேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சென்னையிலிருந்து ஒரு சினிமாக் கூட்டம் வந்தது. தங்கம் பிரித்த கழிவு மலையாகக் குவிந்து கிடக்கிற சயனைடு மணல்மேட்டுக்குப் பக்கத்தில் ஷூட்டிங். கதையைக் கேட்டதும் எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. தேர்தலுக்குத் தேர்தல் ஒரு மந்திரி வந்து, மூடின சுரங்கத்தைத் திறப்பேன் என்று பூஜை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போவார். அந்தக் கூத்துதான் படம். எங்கள் ஊர்க் கதை. நக்கல் படம் கடைசியாக எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. சுரங்கத்தில் வேலை பார்த்த ஒருவர் வேண்டும், மந்திரி கேஜில் ஏறும்போது பெல் அடிக்க, என்று லைனில் கேட்டுக்கொண்டு வந்தார்கள். நான்தான் இவரைப் பிடித்துத் தள்ளினேன். "எனக்கு நடிக்கல்லாம் வராது மே" என்றார். "நடிக்க வாணாங்க, பெல்லு அடிங்க போதும்" என்றேன்.

ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு ஷூட்டிங்கைப் பார்க்கப் போனேன். ப்ளைவுட்டில் ஒரு கேஜ் செய்து, துருப்பிடித்த மாதிரிப் பெயின்ட் அடித்து, சமதரையில் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கம்பத்தில் பெல். டைரக்டர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசினார்.

"சார், மந்திரி ஏறுனதும் நீங்க வுடாம அடிச்சிக்கிட்டே இருக்கணும். கோயில் திருவிழா மாதிரி."

"உள்ள ஆளுங்க ஏறுவாங்களா?" என்று இவர் கேட்டார்.

"மந்திரி, பி.ஏ., போட்டோகிராபர், ஐயரு, எல்லாரும் ஏறுவாங்க."

"அப்ப மூணுதான்."

"இது போகாது சார். கீழ குழியே கெடையாது."

"தெரியுங்க. ஆளு ஏறுனா மூணு. வுடாம அடிச்சா வைண்டர்காரரு இன்னான்னு நெனைப்பாரு?"

டைரக்டர் அந்த வைண்டர்காரர் யார் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "சரி சார், நீங்க அன்னைக்கு எப்படிப் பண்ணீங்களோ அப்படியே பண்ணுங்க" என்றார்.

கேமரா ஓட ஆரம்பித்தது. இவர் மந்திரியையும் பி.ஏ.வையும் தோளில் கை வைத்து உள்ளே தள்ளினார். "உள்ள போங்க, இன்னும் உள்ள, கைய உள்ள வைங்க" என்றார். கம்பியைப் போட்டார். மூன்று பெல். பிறகு கம்பியில் கையை வைத்துக்கொண்டு நேராக நின்றார். கேஜ் நகரவில்லை. மந்திரி கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே இருந்தார். டைரக்டர் கட் சொல்லவில்லை. உச்சி வெயில். மந்திரியாக நடித்தவர் பெயர் பெற்ற காமெடி நடிகர். பட்டுச் சட்டை, ஆளுயர ரோஜா மாலை, கழுத்தெல்லாம் வேர்வை. இரண்டு நிமிஷம் ஆயிருக்கும். அவர் நிஜமாகவே தாங்க முடியாமல் இவர் பக்கம் திரும்பி, "அண்ணே, நான் எறங்கிக்கட்டுமா?" என்றார்.

இவர் தலையைத் திருப்பாமல் சொன்னார். "பெல் அடிச்சிட்டா யாரும் எறங்கக்கூடாது."

கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கட் சொன்ன பிறகு டைரக்டர் ஓடி வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் சார் படமே" என்றார். அது பாராட்டா, வேறு ஏதாவதா என்று எனக்கு விளங்கவில்லை. இவர் என்னிடம் வந்து, "சரியா அடிச்சனா?" என்றுதான் கேட்டார். சரியாகத்தான் அடித்தீர்கள் என்றேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குலுங்கின முதுகுகள் கண்ணை விட்டுப் போகவில்லை.

படம் வந்தது. முதல் சனிக்கிழமை, ஆபீஸில் அரைநாள். என்னோடு வேலை பார்க்கிற நான்கு பேரையும் பெங்களூரிலேயே ஒரு மால் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் அதில் நடித்திருக்கிறார் என்று அவர்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அந்த சீன் வரும்போது சட்டென்று சொல்லி எல்லாரையும் தூக்கிவாரிப் போட வைக்கலாம் என்று திட்டம். அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது இவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "ஒன் ஃப்ரெண்ட்ஸுங்ககிட்ட சொல்லு மே, நம்ம வூட்டுக்காரருன்னு" என்றார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் தன்னைப் பற்றி யாரிடமாவது சொல்லச் சொல்லி அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சீன் வந்தது. டைரக்டர் எதையும் வெட்டவில்லை. மூன்று பெல், நகராத கேஜ், கையாட்டுகிற மந்திரி, கம்பியைப் பிடித்துக்கொண்டு அட்டென்ஷனில் நிற்கிற என் வீட்டுக்காரர். தியேட்டர் மெல்ல மெல்லச் சிரிக்க ஆரம்பித்தது. அந்த வசனம் வந்ததும் வெடித்துவிட்டது. பின் வரிசையில் ஒருத்தர் சிரித்துச் சிரித்து இருமினார். நானும் சிரித்தேன். யாரோ என்று நினைத்துச் சிரித்தேன் என்றால் அது பொய். இன்னார் என்று தெரிந்தேதான் சிரித்தேன். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் அதைச் சொன்ன விதம் அப்படி. வயிறு வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பக்கத்தில் இருந்தவள் என் தோளில் சாய்ந்து, "எங்கிருந்துடி புடிச்சாங்க இந்த ஆள? பாவம், ஷூட்டிங்னு கூட புரியல போல" என்றாள்.

அந்தப் பக்கத்தில் இருந்தவள், "சும்மா இரு, அது பெரிய ஆக்டரு. டிராமா ஆளா இருப்பான்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். இப்போது சொன்னால் அவர்கள் சிரிப்பு நிற்கும், மன்னிப்புக் கேட்பார்கள், அது ஒரு அசிங்கம். சொல்லாவிட்டால் இது இன்னொரு அசிங்கம். எது பெரியது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த சீன் வந்துவிட்டது. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "சொன்னியா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"நல்லா நடிச்சிருக்காருன்னு சொன்னாங்க."

"நா எங்க நடிச்சேன்" என்றார். ஆனால் சந்தோஷப்பட்டார். இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார்.

ஒரு வாரத்தில் அந்தத் துண்டு மட்டும் எல்லார் போனிலும் சுற்ற ஆரம்பித்தது. எங்கள் வண்டி சிக்னல் கிடைக்காமல் நடுவழியில் நின்றால் பெட்டியில் யாராவது, "பெல் அடிச்சிட்டா யாரும் எறங்கக்கூடாது" என்பார்கள், பெட்டியே சிரிக்கும். ரயிலில் இருந்தவர்களுக்கு அவர் யார் என்று தெரியும். தெரிந்தும் சொன்னார்கள், பாசமாகத்தான் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். அபார்ட்மென்டிலும் அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பேஸ்மென்டுக்குக் காரை இறக்கும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு, "அண்ணா, மூணு பெல்லு" என்கிறார்களாம். "அவங்களுக்கும் தெரிஞ்சிபோச்சி மே, ஆளு இருந்தா மூணுன்னு" என்றார். நான் அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். கள்ளம் இல்லாமல் சொல்கிறாரா, எல்லாரையும் உள்ளுக்குள் நக்கல் செய்கிறாரா? ஊர் நக்கலை எல்லாம் அலசுகிற எனக்கு, எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிற மனிதரைப் படிக்கத் தெரியவில்லை.

பிறகு படம் எங்கள் ஊருக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம். வர மாட்டேன் என்பார் என்று நம்பினேன். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றார். ஊர்க்காரர்கள் முன்னால் இவர் சிரிப்புக்கு ஆளாகப் போகிறார், அப்போது நான் சொன்ன பொய்யும் தெரிந்துவிடும் என்று பயந்தேன். தியேட்டர் நிறைய ஆட்கள். பாதிப் பேர் சுரங்கத்தில் இருந்தவர்கள், மீதிப் பேர் அவர்கள் வீட்டு ஆட்கள். முதல் வரிசையில் ஒரு கட்சியின் ஆட்கள் பத்துப் பேர் கட்சித் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். இதே சுரங்கத்தைத் திறப்போம் என்று போன தேர்தலில் மைக் வைத்துச் சொன்னவர்கள்தான்.

சீன் வந்தது. மூன்று பெல் அடித்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, ஆட்களைத்தான் பார்த்தேன், அது என் பழைய வியாதி. எனக்கு முன்னால் நாற்காலிக் கைப்பிடியில் கை போட்டு உட்கார்ந்திருந்த ஒருத்தர், பெல் சத்தம் கேட்டதும் கையை உள்ளே இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் முழங்கையை இழுத்துக்கொண்டார். அந்த வரிசையில் நான்கைந்து பேர், யாரும் யாரையும் பார்க்காமல், உடம்பைக் குறுக்கிக்கொண்டு கேஜ் இறங்குவதற்குக் காத்திருந்தார்கள். யாருமே சிரிக்கவில்லை. மந்திரி இறங்கட்டுமா என்றார். இவர் அந்த வசனத்தைச் சொன்னார்.

கைதட்டல் கிளம்பியது. முதலில் ஒருத்தர், பிறகு தியேட்டர் முழுக்க. "வுடாத, நிக்கட்டும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஓட்டு வாங்கிக்கொண்டு போன ஒருத்தனையாவது கேஜுக்குள்ளே நிறுத்தி வைத்த ஆள் என் வீட்டுக்காரர். அதே சீன், அதே வசனம். பெங்களூரில் ஒரு கோமாளியைப் பார்த்துச் சிரித்தார்கள். இங்கே ஒரு மந்திரியைப் பிடித்து வைத்தவரைப் பார்த்துத் தட்டினார்கள். டைரக்டர் எந்தப் படத்தை எடுத்தார்? அவருக்கே தெரியுமா? போதாக்குறைக்கு முதல் வரிசையில் துண்டு போட்டவர்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள்.

வெளியே வந்தபோது ஆட்கள் இவர் கையைக் குலுக்கினார்கள். எல்லாருக்கும் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டின பிறகு கேட்டார்.

"பெங்களூர்லயும் இந்த எடத்துலதான் கை தட்டுனாங்களா?"

தட்டினார்கள் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். எனக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை.

"தட்டலீங்க. சிரிச்சாங்க."

"நீ?"

"நானும் சிரிச்சேன்." நின்றுவிட்டேன். "ஒங்கள யாருன்னு நா சொல்லல. அவங்களுக்குத் தெரியாது."

அவரும் நின்றார். ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்ததும் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சிரிக்கத்தான மே எடுத்தாங்க" என்றார்.

நான் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன். "நீங்க தெரிஞ்சி சொன்னீங்களா, தெரியாம சொன்னீங்களா? எறங்கக்கூடாதுன்னு."

"அந்த ஆளு கை கம்பிக்கு வெளிய இருந்திச்சி மே."

"அது ப்ளைவுட்டுங்க."

"தெரியும்" என்றார்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நாளைக்கி சொல்லிடு. சொன்னேன்னு சொல்லிட்டு சொல்லாம இருக்காத" என்றார். குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுநாள் மதியம், ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவது என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தேன். நான்கு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. "அந்தப் படத்துல பெல்லு அடிச்சாரே, அவரு என் வூட்டுக்காரரு" என்றேன்.

ஒரு நொடி நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு, தியேட்டரில் என் தோளில் சாய்ந்தவளே முதலில் ஆரம்பித்தாள். "அப்ப அந்த மந்திரி என் மாமனாரு" என்று மேஜையைத் தட்டிச் சிரித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "இல்ல, நெஜமாவே அவரு என் வூட்டுக்காரரு" என்றேன். அவ்வளவுதான், ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. நான் சிரிக்காமல், டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு, நேராக நின்றேன்.

"பாருங்கடி, மொகத்த அப்படியே அந்த ஆளு மாதிரியே வெச்சிருக்கா" என்றாள் அவள்.